ஆசியப் பெண் – 2

வார்சா,
6 மார்ச் 2005

அன்புள்ள ஹான் அக்காவுக்கு,

லுவா எழுதுவது. நானும் பெரியப்பாவும் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? இங்கே பனி இன்னும் விடவில்லை. ஸ்டேடியம் சந்தையின் நடைபாதை முழுக்க அழுக்குப் பனிக்கட்டி. சூப் தட்டோடு நடக்கையில் இரண்டு முறை விழப் பார்த்தேன்.

போன வாரம் நம் சூப் கடைக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அரசியல் படமாம். தங்கும் உரிமைக் காகிதம் இல்லாதவர்களை நாட்டை விட்டு அனுப்பும் உத்தரவில் ஒரு துணை அமைச்சர் கையெழுத்துப் போடுகிறார். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. அனுப்பப்படுகிறவர்களாக நடிக்க நிஜ முகங்கள் வேண்டுமாம். நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோது, ஹலீனா என்கிற இயக்குநர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, இங்கே யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சூப்பைத்தான் பார்ப்பார்கள்.

"இந்தப் பொண்ணுதான்" என்றார்.

பெரியப்பா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற நம் நாட்டவர் சங்கத் தலைவர் முந்திக்கொண்டார். "நம்ம பொண்ணு படத்துல வந்தா நமக்கெல்லாம் பெருமைதானே, குவாத் அண்ணே? வேணாம்னா ஏன்னு கேப்பாங்க."

ஏன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பெரியப்பா தலையாட்டிவிட்டார். சினிமாக்காரர்கள் அடையாள அட்டை கேட்டார்கள். குயேன் அக்காவின் அட்டையைக் கொடுத்தேன். வழக்கம்போல, அதிலிருந்த முகத்தையும் என் முகத்தையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அவள் இறந்து பதினைந்து மாதம் ஆகிறது. பெரியம்மாவுக்கு மகள் எழுதுவதுபோல நான் எழுதும் பதினோராவது கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல நீயே கொண்டுபோய்க் கொடு. சினிமாவுக்கு என்ன சொல்ல? உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை.

உன் தங்கை,
லுவா


ஹுங் யென்,
2 ஏப்ரல் 2005

அன்புத் தங்கை லுவாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இடுப்பு வலி என்னோடு சேர்ந்து அதுவும் நலம். லோங்கான் பழ மரங்கள் பூத்துத் தள்ளுகின்றன.

பெரியம்மா கடிதத்தை நான்கு முறை படித்தார். "இவ எழுத்து ஏன் இப்படி ஒடுங்கிப் போச்சு? பள்ளிக்கூடத்துல ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதானே எழுதுவா" என்றார். குளிரில் விரல் விறைக்குமாம் என்று சொல்லி வைத்தேன். போட்டோ ஒன்று வேண்டுமாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார். நான் எத்தனை நாள் இதைத் தாங்குவேன் என்று தெரியவில்லை.

சினிமா வேண்டாம். காய்ச்சல், வயிற்றுவலி, எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்.

இரண்டு முறை கேட்டும் நீ பதில் எழுதாத ஒன்றை மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். குயேன் விபத்தில் போனாள் என்று மட்டும்தான் எழுதினாய். பிறகு அந்த ஊர் அதிகாரிகளுக்கு அவள் எப்படி உயிரோடு இருக்கிறாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹான்


வார்சா,
24 ஏப்ரல் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வருவதற்குள் ஒத்திகை தொடங்கிவிட்டது. காய்ச்சல் என்றேன். கார் அனுப்பினார்கள்.

என் பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. தாளில் 'ஆசியப் பெண் – 2' என்று இருக்கிறது. 'ஆசியப் பெண் – 1' ஒரு மங்கோலியப் பெண். உதவி இயக்குநர் வோய்தெக் எங்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார். முதல் நாள் எங்கள் தலையில் வைக்க வயலில் போடும் கூம்புத் தொப்பி இரண்டு கொண்டு வந்தார். காட்சி நடப்பது வார்சாவில், தடுப்பு முகாமுக்குள்ளே. "உள்ள மழை பெய்யுமா சார்?" என்று மங்கோலியப் பெண் கேட்டாள். எனக்கு அவள் வாய் இல்லை. சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டேன்.

எனக்கு ஒரே வசனம்: 'எனக்குத் திரும்பிப் போக வீடு இல்லை.' சொன்னேன்.

வோய்தெக் தலையைச் சொறிந்தார். "போலிஷ் நல்லாப் பேசறியே! யாரும் நம்ப மாட்டாங்க. கொஞ்சம் உடைச்சுப் பேசு."

வீட்டில் சொன்னேன். "நான் பதினஞ்சு வருஷமா உடைச்சுத்தான் பேசறேன், என்னையக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் பெரியப்பா. நெடுநாளைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம். உடனே நிறுத்திவிட்டோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த டிசம்பரில் சந்தையில் போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்தது. என் விசா முடிந்திருந்தது. பெரியப்பாவும் குயேன் அக்காவும் சரக்கெடுக்க வூட்ஜ் நகரத்துக்குக் கிளம்பினார்கள். போகும்போது அவள் தன் அட்டையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"போலீஸ் வந்தா இதக் காட்டு. அவங்களுக்கு நாம எல்லாம் ஒரே மூஞ்சிதான்."

"அப்ப உனக்கு?"

"நான் அப்பாகூட வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன். எவன் கேக்கப்போறான்?"

வழியில் வண்டி பனியில் சறுக்கி லாரியில் மோதியது. பெரியப்பாவுக்குக் கையில் கீறல் மட்டும். ஆஸ்பத்திரியில் இறந்தவள் பெயரைக் கேட்டார்கள். அவர் என் பெயரைச் சொன்னார். "போனவ போயிட்டா. அவ அட்டை உன்னையாவது காப்பாத்தட்டும்னு வாயில வந்துருச்சு" என்று பின்னால் சொன்னார். மறுநாள் என் கடவுச்சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடையையும் சந்தையின் மறுகோடிக்கு மாற்றினார்; இங்கே எங்கள் இருவரையும் பிரித்து அறிந்தவர் இல்லை.

ஆகவே இங்கே பதிவேட்டில் செத்தது நான். சந்தைக்குப் பின்னால் நம்மவர்கள் வைத்திருக்கும் சின்னப் புத்தர் கோயிலில் அவள் சாம்பல் ஜாடி இருக்கிறது. அதன் மேல் என் பெயர். பௌர்ணமிதோறும் போய் என் பெயருக்கு நானே ஊதுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

லுவா


வார்சா,
24 ஏப்ரல் 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் குயேன் எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் சொன்னபடி கழுத்துத் துண்டை மறக்காமல் சுற்றுகிறேன் அம்மா. மாப்பிள்ளை பார்க்க இப்போது அவசரம் இல்லை. போட்டோ எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த முறை அனுப்புகிறேன். லுவா நன்றாக இருக்கிறாள், சமையல்கட்டில் உதவுகிறாள்.

உங்கள் மகள்,
குயேன்


ஹுங் யென்,
20 மே 2005

என் கண்ணு குயேனுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் கால் வலி தவிர வேறு குறையில்லை. பன்றி எட்டுக் குட்டி போட்டது, ஒன்றுதான் போனது.

போன தேத் புத்தாண்டுப் பண்டிகைக்கு உன் அப்பா இங்குள்ள கடை போனுக்கு அழைத்தார். உன்னைக் கூப்பிடச் சொன்னால் வேலையில் இருக்கிறாள் என்றார். அதற்கு முந்தின தேத்துக்கும் வேலையில்தான் இருந்தாய். பண்டிகை நாளில் யாரடி சூப் குடிக்கிறார்கள் அங்கே? அடுத்த தேத்துக்கு உன் குரலைக் கேட்காமல் போனை வைக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு.

லுவாவை அதட்டாதே. அது வாயில்லாப் பூச்சி. ஏழாம் வகுப்போடு நிறுத்திப் பிள்ளையை அனுப்பிவிட்டோமே என்று எனக்கு உறுத்தல். உன் பழைய கம்பளிச் சட்டையை அவளுக்குக் கொடு. நீ புதிதாக வாங்கிக்கொள்.

உலர்ந்த லோங்கான் அனுப்பியிருக்கிறேன். ஆளுக்குப் பாதி.

அம்மா


வார்சா,
19 ஜூன் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பெரியம்மாவின் கடிதம் வந்தது. லோங்கானும் வந்தது. பெரியப்பாவிடம் பாதி கொடுத்தேன், அவர் தொடவில்லை. அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஜூனிலும் எனக்குக் குளிர்கிறது.

படப்பிடிப்பு முடிந்தது. அதில் நான் ஒன்று செய்துவிட்டேன்.

அன்று ஹலீனா அம்மா எல்லாரையும் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "ஆசியப் பெண் ரெண்டுன்னு எழுதினதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு. எங்க படங்கள்ல உங்க ஆளுங்கள சிரிக்கறதுக்கு வெச்சோம், இல்ல கூட்டத்துல நிறுத்தினோம். பேர் வெச்சதே இல்ல. உடைச்சுப் பேச வேண்டாம். அதிகாரி பேர் கேப்பாரு. உன் சொந்தப் பேரச் சொல்லு. படம் முடியும்போது திரையிலயும் உன் பேர் வரும்."

எல்லாரும் கைதட்டினார்கள். மங்கோலியப் பெண் என் தோளைத் தட்டினாள். அந்த அம்மா நல்லவர், அக்கா. அதுதான் பயம்.

விளக்கு எரிந்தது. அதிகாரியாக நடிப்பவர் "பேரு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வரவில்லை. அட்டையைக் காட்டும்போது நான் பேச வேண்டியதில்லை. கடிதத்தில் கை எழுதிவிடுகிறது. ஆனால் நானே குயேன் என்று இன்றுவரை வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது முறை ஆனது. வோய்தெக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்தாவது முறை "பேரு?" என்றபோது, "புய் தி லுவா" என்றேன்.

ஹலீனா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் வேண்டும் என்றார்.

வோய்தெக் மட்டும் தாளைப் பார்த்துவிட்டு, "அட்டையில வேற பேர் இருக்கே?" என்றார்.

"வீட்டுல கூப்பிடற பேரு" என்றேன். சரி என்று போய்விட்டார்.

ஆக, படத்தில் நான் லுவா என்று சொல்வேன். கடைசியில் குயேன் என்று எழுத்து வரும். சொன்ன பிறகு பயந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, அது பயம் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

லுவா


ஹுங் யென்,
17 ஜூலை 2005

லுவாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனம் இல்லை. என்ன காரியம் செய்தாய்? உடனே அந்த அம்மாவிடம் போய் அதை வெட்டச் சொல். காலில் விழு.

இங்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். குயேன் பதினைந்து வயதில் எடுத்த போட்டோவைப் பெரியம்மா எடுத்துக் காட்டினார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

அடிக்கடி எழுதாதே. பெரியம்மா இப்போதெல்லாம் தபால்காரர் வரும் நேரத்துக்கு நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்கிறார்.

ஹான்


வார்சா,
27 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் முடியவில்லை. நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம்.

படம் வந்துவிட்டது. ஆகஸ்டிலேயே ஹலீனா அம்மாவிடம் போய் என் காட்சியை வெட்டச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு உன்ன மிரட்டினது? உன் பெரியப்பாவா? பொண்ணு வெளிய தெரியக்கூடாதுன்றாரா? உன் பேர அழிக்க நான் விடமாட்டேன், பயப்படாதே" என்றார். எனக்காகத்தான் போராடுகிறார். யாரோடு என்றுதான் அவருக்குத் தெரியாது.

சந்தையில் எல்லாரும் என்னை இப்போது 'நட்சத்திரம்' என்கிறார்கள். "நட்சத்திரம், ரெண்டு சூப், ஒண்ணுல மல்லி வேணாம்!" டிராமில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். எப்போதும் தலை தூக்காத அதிகாரி, "படத்துல வந்த பொண்ணுதானே நீ?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டையிலிருந்த முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் முறை. "இதுல கன்னம் உப்பியிருக்கு" என்றார். "வேலை அதிகம்" என்றேன். முத்திரை குத்தினார்.

யாரும் பார்க்காததால்தான் நான் இங்கே இருக்க முடிந்தது. இப்போது பார்க்கிறார்கள்.

இன்னொன்று. சந்தையில் படத்தின் திருட்டு வட்டு வந்துவிட்டது. நம் பக்கத்து ஊர் தோவான் அண்ணன் தேத்துக்கு ஊருக்குப் போகிறார். அவருக்கு என்னைக் குயேனாகத்தான் தெரியும். "உங்கம்மாவுக்குத்தான், பாத்து ஆனந்தப்படட்டும்" என்று ஒரு வட்டை எனக்கு முன்னாலேயே வாங்கிப் பைக்குள் வைத்தார். நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

லுவா


வார்சா,
8 ஜனவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. என் நவம்பர் கடிதம் வந்ததா?

பெரியப்பா மூன்று கடைகளில் இருந்த வட்டுகளை மொத்தமாக வாங்கிவிட்டார். மறுநாள் இன்னொரு பெட்டி வந்து இறங்கியது. "படம் அவ்வளவு பிடிச்சுப்போச்சா அண்ணே?" என்று கடைக்காரன் கேட்டானாம். வாங்கியவை கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எல்லாவற்றின் உறையிலும் மூலையில் என் முகம்.

தோவான் அண்ணன் பதினைந்தாம் தேதி விமானம் ஏறுகிறார். பெரியம்மாவை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடு, அக்கா. அத்தை வீட்டுக்கு, கோயிலுக்கு, எங்கேயாவது.

லுவா


ஹுங் யென்,
5 பிப்ரவரி 2006

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பெரியம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். அதனால் எழுதவில்லை. உன் ஜனவரிக் கடிதம் தேத் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

தேத் இரண்டாம் நாள் தோவான் வந்தான். பெரியம்மா வீட்டில் தெருவே கூடிவிட்டது. தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு படம் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் நீ வந்தாய். அந்த ஆள் ஏதோ கேட்டான். நீ உன் பெயரைச் சொன்னாய். அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

"என்னது, இது குவாத் தம்பி மக லுவா மாதிரியில்ல இருக்கு? பேரும் லுவான்னுதானே சொல்றா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

தோவான் விழித்தான். "இவதானே குயேன்? சந்தையில எல்லாரும் அப்படித்தானே..."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையில் இருந்த விதையை வாயில் போட்டுக் கடித்தார்.

"ஆமா, என் பொண்ணு குயேன்தான். குளிர்ல முகம் இளைச்சுப் போச்சு. ஒரே குடும்பத்துப் பொண்ணுங்க ஒரே சாடை இருக்காதா? சினிமால வேற பேர்தான் வெப்பாங்க. தங்கச்சி பேரச் சொல்லியிருக்கா. பெத்தவ எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியுது?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார், இனிப்புக் கொடுத்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "எப்ப?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேதி மட்டும் எனக்குத் தெரியவில்லை. நீ எழுதவே இல்லை, நானும் கேட்கவில்லை.

அவர் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

ஹான்


ஹுங் யென்,
5 பிப்ரவரி 2006

லுவாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. நீ நலமாக இரு.

உன்னை ஏசுவேன் என்று பயப்படாதே. குயேன் எழுதியதாக வந்த கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். 'நீங்கள் சொன்னபடி கழுத்துத் துண்டை மறக்காமல் சுற்றுகிறேன் அம்மா' என்று ஒன்றில் இருக்கிறது. அவள் பிறந்ததிலிருந்து சொன்ன பேச்சுக் கேட்டவள் இல்லை. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அட்டை உன்னிடமே இருக்கட்டும். அவள் கையால் உனக்குக் கொடுத்ததாமே. ஊராரிடம் என் மகள் உயிரோடுதான் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளுக்கு அங்கேயே யாரையோ பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். திட்டிவிட்டுப் போனார்கள்.

உன் பெரியப்பாவுக்கு நான் எழுத மாட்டேன். அவர் எனக்கு எழுதட்டும். பெற்ற மகள் பெயரை மாற்றிச் சொன்ன வாய், அதை என்னிடம் திருப்பிச் சொல்லட்டும்.

எனக்கு வேண்டியது இரண்டுதான். என்ன நாள் என்று நம் பிறைக் கணக்கில் எழுது. நாள் தெரியாமல் திதி கொடுக்க முடியாது. இரண்டு வருஷத் திதி போய்விட்டது. என் பிள்ளை இரண்டு வருஷமாகப் பசியோடு இருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டாவது ஒரு கிண்ணம் சோறு வைப்பேன்.

கடைசியாக அவள் என்ன சாப்பிட்டாள் என்றும் எழுது.

பெரியம்மா


வார்சா,
26 பிப்ரவரி 2006

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

லுவா எழுதுவது. உங்கள் கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன். பெரியப்பா தினமும் கடை மூடியதும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்கிறார். ஒரு வாரமாக உங்கள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். எழுதிவிடுவார்.

நேற்றுப் புத்தர் கோயிலுக்குப் போனேன். ஜாடியின் மேல் இருக்கும் என் பெயரைக் கிழிக்க முடியாது. யாராவது பார்த்தால் கேட்பார்கள். அதனால் அக்காவின் பெயரைச் சின்னச் சீட்டில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். அவளுக்கு மட்டும் தெரியும்.

நாள்: பதினோராம் மாதம், பதினேழாம் நாள். ஆட்டு வருஷம்.

அன்று காலை அவள் சாப்பிட்டது அரிசிக் கஞ்சியும் உப்பு முட்டையும். நான்தான் வைத்துக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டிருந்தாள். கீழே பெரியப்பா வண்டியில் ஹாரன் அடித்தார். கழுத்துத் துண்டு சுற்றாமல் ஓடினாள். கதவருகில் திரும்பி, "மீதிய மூடி வைடி, வந்து சாப்பிடறேன்" என்றாள்.

மூடி வைத்தேன், பெரியம்மா.

உங்கள்
லுவா